மஞ்ச மீட்டர் காட்டின ஒண்ணு

போன மாசம் என் பையன் ஆன்லைன்ல ஒரு மல்டிமீட்டர் வரவழைச்சான். கறுப்பு ஒடம்பு, சுத்தி ரப்பர், பட்டனைத் தட்டினா நீலமா எரியற திரை. வந்த கையோட அடுப்படி டிராயரைத் தொறந்து என்னோட மஞ்ச மீட்டரை எடுத்து அதுக்குப் பக்கத்துல வெச்சான். "இதெல்லாம் ஒரு மீட்டராம்மா? பொம்மை. தூக்கிப் போடு"ன்னான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அதை வாங்கி மறுபடி டிராயர்லயே போட்டு மூடிட்டேன்.

அவங்கிட்ட பேசிப் பிரயோசனம் இல்ல. நம்ம வயசுக்காரங்க உங்ககிட்ட சொல்றேன். சைக்கிள் டைனமோவுல விரலை வெச்சுப் பார்த்தவங்க, ரேடியோ செல்லை வெயில்ல காய வெச்சு இன்னும் ரெண்டு நாளு ஓட்டினவங்க நீங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

அவன் சொன்னதுல தப்பு இல்லதான். அந்த மஞ்ச மீட்டரைப் போல மட்டமான சாமான் ஒண்ணு கெடையாது. சேப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் சேமியா கணக்கா இருக்கும். நாலு வாட்டி மடிச்சா சொருகற எடத்துல புட்டுக்கும். நடுவுல இருக்கற குமிழு இன்னிக்கு ஒரு பக்கம் இறுகும், நாளைக்கு லொடலொடன்னு ஆடும். வூட்டுக் கரண்டை அளந்தா ஒரு நாளு ஒரு கணக்கு, மறுநாளு வேற கணக்கு. குமிழைத் தப்பான எடத்துல வெச்சுட்டு பிளக்குல சொருகினீங்கன்னா, அப்புறம் அதைப் பொதைக்கத்தான் வேணும். ஆனா மிக்ஸி ஒயரு உள்ளார அறுந்திருக்குதா, ரிமோட்டு செல்லு செத்துப் போச்சா, டார்ச்சு சுவிட்சு தொடுதா தொடலியா, இதுக்கெல்லாம் எதுக்குங்க நீலத் திரை? எவ்ளோன்னு கேட்டா அது தடுமாறும். இருக்குதா இல்லியான்னு கேட்டா சரியாச் சொல்லும். எனக்கு அது போதும். இந்த வயசு வரைக்கும் எங்க வூட்டு இஸ்திரிப் பெட்டிய நான் கடைக்கு அனுப்பினது இல்ல.

எங்க வூட்டுக்கு வந்த மொத மஞ்ச மீட்டரு இப்ப எங்கிட்ட இல்ல. எங்க போச்சு, யாரு எடுத்தாங்க, ஒண்ணும் தெரியல. அது இருந்த ஒரு கோடை மட்டும் அப்பப்ப கனவு மாதிரி வருது. கரும்பு வெட்டின காட்டுல தோகை எரிக்கற பொகை, அதுக்குப் பின்னால மேக்கால நீலமா நிக்கற கல்வராயன் மலை, வாசல்ல எங்கப்பா கையை நீட்டிக்கினு ஒக்காந்திருக்காரு, எங்கம்மா அவரு விரல்ல ஒயரு நுனியில இருக்கற முள்ளை வெச்சு அழுத்திக்கினு இருக்குது. இதான் நான் சொல்ல வந்தது.

நைனார்பாளையத்துக்கு அந்தாண்ட எங்க ஊரு. சொந்த நெலம் கெடையாது. எங்கப்பா வேற ஒருத்தரு நெலத்தைக் குத்தகைக்கு ஓட்டினாரு, கரும்பு வெட்டுற காலத்துல வெட்டுக்கும் போவாரு. அந்தத் தை மாசம், பொங்கலு முடிஞ்சு, தலையில கரும்புக் கட்டைச் சொமந்துக்கினு லாரிக்கிட்ட போறப்ப வரப்புல கால் வழுக்கிடுச்சு. கீழ வுழுந்தவரு கையை ஊனின எடத்துல வெட்டின கரும்போட அடிக்கட்டை. சாய்ச்சு வெட்டின கட்டை எப்பிடி இருக்கும்னு தெரியுமில்ல, ஈட்டிதான். சோத்தாங்கை மணிக்கட்டுல ஏறிடுச்சு.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில தையலு போட்டாங்க. புண்ணு ஆறிடுச்சு. ஆனா நடு விரலு, மோதிர விரலு, சுண்டு விரலு மூணும் எழுந்துக்கவே இல்ல. மடங்கின மேனிக்கு அப்படியே நின்னுச்சு. கிள்ளினாத் தெரியல. ஒரு நாளு சூடு டீ கிளாசைப் பிடிச்சுக்கினு பேசிக்கினே இருந்தவரு, பேச்சு முடிஞ்சு கையை எடுத்தா விரல்ல கொப்புளம். அவருக்கே அப்பதான் தெரியும். "நரம்புல அடி. வந்தாலும் வரும், வராமலும் போவும், மாசக்கணக்கா ஆவும்"னு டாக்டரு சொல்லி அனுப்பிட்டாரு.

வேலை போனது கூட அவருக்குப் பெருசு இல்ல, சோறுதான். மூணு விரலு இல்லாம சோத்தைப் பெசைய முடியாது. அம்மா ஒரு ஸ்பூனு வாங்கியாந்து குடுத்துச்சு. எங்கப்பா அந்த ஸ்பூனைப் பார்த்த பார்வை இருக்குதே, என்னால மறக்க முடியல. அன்னியில இருந்து செவுத்தப் பார்த்து ஒக்காந்து சாப்புடுவாரு. பந்திக்குக் கூப்ட்டா போவ மாட்டாரு. தன் தங்கச்சி வூட்டுக் காதுகுத்துக்குப் போயி, மொய் வெச்சுட்டு, பசிக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. சோத்தாங்கை திரும்ப வருமா வராதான்றது ஒண்ணுதான் அந்தக் கோடை முழுக்க எங்க வூட்டுல கேள்வி.

மாசி மாசம் எங்க மாமா வந்தாரு. மாமான்னா அம்மாவோட தம்பி. கள்ளக்குறிச்சியில ஒரு டிவி ரிப்பேரு கடையில வேலை கத்துக்கினு இருந்தாரு. அந்தக் கடையில மொதலாளி ஒரு நல்ல மீட்டரு வெச்சிருந்தாராம், முள்ளு ஓடற மீட்டரு, தோலு உறை போட்டது. அதை யாரையும் தொட வுட மாட்டாராம். அந்த ரோசத்துல மாமா, ரோட்டோரம் தார்ப்பாய்ல பரப்பி விக்கறவங்ககிட்ட ஒரு மஞ்ச மீட்டரு வாங்கிட்டாரு. அதை எங்க வூட்டுக்கு எடுத்தாந்தப்ப அவரு நடையே மாறிப்போச்சு. டாக்டருங்க கழுத்துல மாட்டுவாங்களே, அந்த மாதிரி ரெண்டு ஒயரையும் தோள்ல போட்டுக்கினு வந்தாரு.

அன்னிக்கு வூட்டுல இருந்த ஒடைஞ்சது, செத்தது எல்லாம் வெளியில வந்துச்சு. ரேடியோ, அலாரம், டார்ச்சு, சைக்கிள் லைட்டு. நான் அவரு பக்கத்துலயே குந்திக்கினு பார்த்தேன். சாம்பக் கலரு திரையில கறுப்பு நம்பருங்க நிக்காம ஓடிக்கினே இருக்கும், எறும்புப் புத்தைக் கலைச்ச மாதிரி. பார்த்துக்கினே இருந்தா தூக்கம் வரும், நல்ல தூக்கம். ஒரு டார்ச்சு பல்பை எடுத்து ரெண்டு பக்கமும் முள்ளை வெச்சாரு. எடது ஓரமா ஒத்தை ஒண்ணு மட்டும் வந்து நின்னுச்சு. அசையல. "ஒண்ணு. அவ்ளோதான், அறுந்து போச்சு"ன்னு குப்பைக்குழியில வீசினாரு. இன்னொரு பல்பை வெச்சாரு, நம்பரு ஓடுச்சு. "இது உசுரோட இருக்குது"ன்னு எடுத்து வெச்சாரு.

மீட்டரு காட்டற ஒண்ணு அதான். ஒண்ணுன்னா ஒண்ணு இல்ல. என்னால அளக்க முடியல, வழியே இல்லன்னு அது கைய விரிக்கறது. நம்ம பேச்சுல ஒண்ணுமில்லன்னு சொல்லுவோம் பாருங்க, அந்த ஒண்ணுமில்லைய அது ஒண்ணுன்னு எழுதிக் காட்டும்.

சாமான் எல்லாம் முடிஞ்சதும் மனுஷங்களை அளக்க ஆரம்பிச்சாரு. சும்மா வெளையாட்டுக்கு. ஆளுக்கு ஒரு விரலை நீட்டினோம். ரெண்டு முள்ளையும் விரலு மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு அழுத்தினா ஒரு நம்பரு வரும். எனக்கு நானூறு சொச்சம். அம்மாவுக்கு அறுநூறு. "என் ஒடம்புல ஜாஸ்தி கரண்டு பாரு"ன்னு அம்மா சிரிச்சுச்சு. அப்பாவோட பீச்சாங்கைக்கு எழுநூறு. அப்புறம் அம்மாதான் கேட்டுச்சு. "அந்தக் கையில வெச்சுப் பாருடா."

அப்பா துண்டுக்கு அடியில மறைச்சு வெச்சிருந்த கையை எடுத்து நீட்டினாரு. மாமா சுண்டு விரல்ல முள்ளை வெச்சாரு.

ஒண்ணு.

எடது ஓரமா, அசையாம. மோதிர விரல்ல வெச்சாரு, ஒண்ணு. நடு விரல்ல வெச்சாரு, ஒண்ணு.  காலையில குப்பைக்குழிக்குப் போன பல்புதான் ஞாபகம் வந்துச்சு.

"இன்னாடா, ஒண்ணுதான் வருது?"ன்னுச்சு அம்மா.

மாமா திரையவே பார்த்துக்கினு இருந்தாரு. அம்மா மூஞ்சப் பார்த்தாரு. மறுபடி திரையப் பார்த்தாரு. "ஒண்ணு இருக்குதேக்கா"ன்னாரு. "ஒண்ணுமே இல்லன்னா சைபர்தான வந்திருக்கணும்? இருக்குது. கொஞ்சமா இருக்குது."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு, மீட்டரையா மாமாவையான்னு தெரியல. அப்பா கையைத் துண்டுக்குள்ளாற மறைக்காம மடி மேலயே வெச்சிருந்தாரு.

மாமாகிட்ட பல வருசம் கழிச்சு இதைக் கேட்டேன். "உங்கம்மா மூஞ்ச நீ பார்க்கல. நான் பார்த்தேன்"ன்னாரு.  நான் அன்னிக்கு மாமாவைப் பொய்க்காரன்னு மனசுக்குள்ள திட்டினேன். இப்ப நெனச்சா அந்தப் பொய்யில எங்கம்மா மாசக்கணக்கா நிம்மதியாத் தூங்குச்சு. அதை எந்த மாத்திரையும் குடுத்திருக்காது.

அடுத்த வாரமே மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. போறப்ப மீட்டரை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனாரு. குமிழை எந்தப் புள்ளியில வெக்கணும்னு காட்டி, அந்த எடத்துல அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை ஒட்டிட்டாரு. அதை அசைக்கக் கூடாதுன்னு சொன்னாரு.

அப்புறம் எங்க வூட்டுல அது பூஜை மாதிரி ஆயிடுச்சு. அம்மா வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு, அப்பா கையைக் கழுவி, பொடவைத் தலைப்புல தொடைச்சு, நல்லாக் காயட்டும்னு வுட்டு, அப்புறம் மீட்டரை எடுக்கும். மீட்டரு பாலிதீன் பையில சுத்தி ஆணியில தொங்கும். மூணு விரல்லயும் வெச்சுப் பார்க்கும். "ஒண்ணு இருக்குது"ன்னு சொல்லிட்டு உள்ள போயி டீ போடும். தெருவுல யாராவது "இன்னா, அவருக்கு எப்பிடி இருக்குது?"ன்னு கேட்டா, "ஒண்ணு இருக்குதுங்க"ன்னு சொல்லும். கேட்டவங்களுக்கு ஒண்ணும் புரியாது, தலையாட்டிட்டுப் போவாங்க. வெயிலு ஏறும். மலை வெள்ளை வெயில்ல கரைஞ்சு காணாமப் போயிடும். சாயந்தரம் பார்த்தா மறுபடி அங்கயே நிக்கும். ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் போச்சு. பள்ளிக்கூடம் லீவு வுட்டுட்டாங்க. நான் அப்பா பக்கத்துலயே கோரைப்பாய்ல படுத்துக்கினு, அவரு அந்த மூணு விரலைப் பீச்சாங்கையால நீவி நீவி நிமித்தறதைப் பார்த்துக்கினே தூங்கிப் போவேன்.

நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. குத்தகை நெலத்துக்காரரு ஒரு நாளு மீட்டரைக் கேட்டு வாங்கினு போனாரு. கெணத்து மோட்டாருக்கு வோல்டேஜு பார்க்கணுமாம். கோடையில எங்க பக்கம் கரண்டு தள்ளாடும், கம்மியா இருக்கறப்ப மோட்டாரைப் போட்டா காயிலு போயிடும். மீட்டரைப் பார்த்தா நம்பரு பேஷா வந்துச்சாம். தைரியமா சுவிட்சைத் தூக்கினாரு. மோட்டாரு உறுமிக்கினே நின்னு பொகைஞ்சு போச்சு. தப்பு இன்னான்னா, மீட்டருக்குள்ளார இருக்கற சின்ன பேட்டரி எறங்கிப் போயிருந்துச்சு. இந்த மட்டமான மீட்டருங்களுக்கு அது ஒரு வியாதி. தன் ஒடம்புல தெம்பு கொறையக் கொறைய ஊருக் கரண்டை ஜாஸ்தியாச் சொல்லும். திரை ஓரத்துல பேட்டரி மாதிரி ஒரு படம் வந்திருக்கும், அதை யாரு பார்த்தாங்க?

நெலத்துக்காரரு மீட்டரை எங்க வாசல்ல வீசாத கொறையா வெச்சுட்டுப் போனாரு. தெருவே சிரிச்சுச்சு. பெரியப்பா மட்டும் சிரிக்கல. அப்பாவோட அண்ணன் அவரு, எதிர் வூடு. "மோட்டாரையே சொல்லத் தெரியாதது மனுசன் கையச் சொல்லுமா?"ன்னாரு. அம்மா மறுநாளு சின்னசேலம் போயி புது பேட்டரி வாங்கியாந்து போட்டுச்சு. மறுபடி மூணு விரலு, மூணு ஒண்ணு.

சித்திரை கடைசியிலன்னு நெனைக்கறேன். ஒரு காலையில அம்மா முள்ளை வெச்சதும் ஒண்ணு வரல. நம்பரு ஓடுச்சு. ஆயிரத்து எட்டுநூறு சொச்சத்துல தடுமாறி நின்னுச்சு.

அம்மா முள்ளை எடுத்துட்டு மறுபடி வெச்சுச்சு. ஆயிரத்து எட்டுநூறு. என்னைக் கூப்ட்டுக் காட்டுச்சு. அப்புறம் வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி பெரியப்பாவைக் கூப்ட்டுச்சு. "மச்சான், இங்க வந்து பாருங்க. ஒண்ணுல இருந்து ஆயிரத்து எட்டுநூறு. என்னோடது அறுநூறுதான். நம்ம எல்லாரையும் வுட ஜாஸ்தி."

பெரியப்பா வந்து பார்த்தாரு. அன்னிக்கு எங்க வூட்டுல சேமியா பாயசம். தெருவுல அத்தினி வூட்டுக்கும் நான்தான் டம்ளர்ல கொண்டு போயிக் குடுத்தேன். அப்பாவும் பாயசம் குடிச்சாரு. விரலை நிமித்திப் பார்த்தாரு, நிமிரல. இருந்தாலும் சிரிச்சாரு. "என் கரண்டை மீட்டரு போட்டு விக்கப் போறியா?"ன்னு அம்மாவைக் கிண்டலு பண்ணாரு.

ஒரு வாரம் கழிச்சு ஆயிரத்து அறுநூறு. அப்புறம் ஆயிரத்து நானூறு. வைகாசி பொறந்து கொஞ்ச நாளுல ஆயிரம். அம்மா முகம் வாடிப் போச்சு. முள்ளை மாத்தி மாத்தி வெக்கும், பேட்டரியக் கழட்டி மாட்டும், ஒயரை ஊதும். நம்பரு எறங்கிக்கினே போச்சு. "நான்தான் வாயை வெச்சுக்கினு சும்மா இல்லாம தெருவுக்கே சொன்னேன். கண்ணு பட்டுடுச்சு"ன்னு அழுதுச்சு. மொளகாயும் உப்பும் சுத்திப் போட்டுச்சு. மறுநாளு தொள்ளாயிரம்.

இப்ப உங்களுக்கு நான் சொல்லிடறேன், அன்னிக்கு எங்களுக்குச் சொல்ல ஆளு இல்ல. எனக்கே போன வருசம் தோள்பட்டை வலி வந்து பிசியோதெரபி போனப்ப, அங்க இருந்த டாக்டரம்மாகிட்ட இந்தக் கதையச் சொன்னேன். அவங்கதான் வெவரம் சொன்னாங்க. நரம்பு செத்த எடத்துல தோலு வேர்க்காது, காகிதம் மாதிரி காஞ்சு கெடக்கும். காஞ்ச தோலுல கரண்டு போவாது. நரம்பு திரும்ப வளந்து வர வர வேர்வை வரும். வேர்வை வந்தா கரண்டுக்கு வழி கெடைக்கும், நம்பரு எறங்கும். எறங்கறதுதான் நல்லது. அந்தத் தார்ப்பாய் மீட்டரு ஒரு நாளு கூட எங்கப்பா கையப் பத்திப் பொய் சொல்லல. அதைப் படிச்ச எங்களுக்குத்தான் தலைகீழாத் தெரிஞ்சுச்சு.

எனக்கு அப்ப பாதி தெரியும். ஒண்ணுன்னா அறுந்தது, நம்பரு வந்தா உசுரு. அதனால அம்மாகிட்ட போயிச் சொன்னேன். "ம்மா, ஒண்ணுன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்மா. மாமா பல்பை அப்பிடித்தான் தூக்கிப் போட்டாரு. இப்ப எறங்கறது நல்லதும்மா."

"அப்ப என் தம்பி எங்கிட்ட பொய்யா சொன்னான்?"

 "பாரு"ன்னு சொல்லி ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துக் காட்டினேன். திரையில சைபர் சைபர் சைபர். "நல்லாச் சேந்து இருந்தா இதாம்மா வரும்"ன்னேன். அம்மா மொகம் வெளுத்துப் போச்சு. "ஐயோ, சைபர் ஆயிடுமா?"ன்னு கேட்டுச்சு. என் கையில இருந்து மீட்டரைப் புடுங்கினு உள்ள போயிடுச்சு. நான் நல்லது சொல்லப் போயி அதோட பயத்தை ஏத்திட்டு வந்தேன்.

"உனக்கும் அறுநூறுதானம்மா, அப்பாவும் நம்ம மாதிரி ஆவறாரு"ன்னு கதவுக்கு வெளியில இருந்து சொன்னேன். "நமக்கு நிக்குதுடி. அவருக்கு நிக்காம எறங்குது"ன்னு உள்ள இருந்து கொரலு வந்துச்சு.

இந்த நேரம் பாத்துப் பெரியப்பா ஒரு யோசனை சொன்னாரு. மலை மேல, வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒருத்தரு இருக்காராம். நரம்புக்குச் சூடு போடுவாராம். பெரியப்பாவுக்கு இடுப்புல வலி வந்தப்ப போட்டுக்கினு வந்தாராம், வேட்டியைத் தழைச்சுத் தழும்பைக் காட்டினாரு. "இரும்பைக் காய்ச்சி மணிக்கட்டுல மூணு எடத்துல வெச்சா தூங்கற நரம்பு முழிச்சுக்கும். கரண்டு எறங்கறதுக்கு முன்னாடி போயிடணும். சைபர் ஆனப்புறம் போயி ஒண்ணும் ஆவப்போறதில்ல." அந்த மலைக்காரரை நாங்க யாரும் பார்த்ததே இல்ல, அவரு அப்பிடிச் செய்யறவரா இல்லியான்னும் தெரியாது. பெரியப்பா வார்த்தைதான்.

அப்பா "வேணாம்"ன்னாரு. ஒரு வாட்டிதான் சொன்னாரு. அம்மா அழுவுறதைப் பார்த்ததும் "சரி, போலாம்"ன்னுட்டாரு.  டீ கிளாசு சுட்டதே தெரியாத கை, காய்ச்சின இரும்பு எலும்பு வரைக்கும் போனாலும் கத்தாது. இப்பதான் உசுரு வந்துக்கினு இருக்கற நரம்பு. அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஒடம்பு பதறுது.

ஆனி மாசம் மொத பஸ்ஸுக்குக் கெளம்பினோம். பெரியப்பா முன்னால. அம்மா பையில மாத்துத் துணி, எண்ணெய், மூணு எலுமிச்சம்பழம். கள்ளக்குறிச்சியில பஸ்ஸு மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைத் தண்ணி ஒரு பக்கம் மின்னிச்சு. அப்புறம் மலை. வூட்டு வாசல்ல இருந்து தெனமும் பார்த்த நீலம், கிட்டப் போனா பச்சை. அதுவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. பஸ்ஸு முக்கி மொனகி ஏறுது. ஜன்னல்ல ஈரக்காத்து. மேகம் ரோட்டு மேலயே எறங்கி வந்து, பஸ்ஸுக்குள்ள பூந்து, முன் சீட்டுல இருந்த பெரியப்பா முதுகை மறைச்சுட்டுப் போச்சு. எல்லாருமே தூங்கற மாதிரி இருந்தாங்க. நான் ஜன்னலோரம், அம்மா நடுவுல, அப்பா இந்தக் கடைசியில.

ஒரு வளைவுல டிரைவரு வண்டியை வெட்டித் திருப்பினாரு. எல்லாரும் ஒரு பக்கமாச் சாஞ்சோம். அப்பா வுழாம இருக்க அம்மா கையைப் பிடிச்சுக்கினாரு, சோத்தாங்கையாலதான், அவசரத்துல எந்தக் கைன்னு யாரு பார்த்தா. அம்மா அவரு கை மேல இன்னொரு கையை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்குச்சு. வண்டி நிமிந்துச்சு. அம்மா கையை எடுக்கல.

அப்பா தூக்கக் கலக்கத்துல எரிச்சலாச் சொன்னாரு. "கைய எடு. வளையலு குத்துது."

அம்மா கையை எடுத்துச்சு. ஜன்னலுக்கு வெளிய பார்த்துச்சு. அப்புறம் மெதுவா அவரு பக்கம் திரும்புச்சு. அது கையில இருந்த கண்ணாடி வளையலு ஒண்ணு லேசா விண்டு போயிருந்துச்சு, அந்த மொனைதான்.

"எங்க குத்திச்சு?"

"இங்கதான்."

"எந்த எடம்? காட்டுங்க."

அப்பா கையைத் தூக்கினாரு. சுண்டு விரலுக்குக் கீழ, உள்ளங்கை ஓரத்தைக் காட்ட வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. அவருக்கும் அப்பதான் புரிஞ்சுது. அம்மா அந்த வளையலைத் திருப்பி, மொனையை அவரு சுண்டு விரல்ல வெச்சு ஒரு அழுத்து அழுத்துச்சு.

"ஸ்ஸ்... இன்னா பண்ற?"ன்னு கையை இழுத்துக்கினாரு.

அம்மா எழுந்து நின்னுச்சு. கண்டக்டரைப் பார்த்து, "வண்டியை நிறுத்துங்க, எறங்கணும்"ன்னுச்சு. இங்க ஸ்டாப்பு இல்லன்னாரு அவரு. "நிறுத்துங்க"ன்னு மறுபடி சொல்லுச்சு. எங்கம்மா அப்பிடி ஒரு கொரல்ல பேசி நான் கேட்டதில்ல. வண்டி நின்னுச்சு. நாங்க மூணு பேரும் எறங்கினோம். பெரியப்பா நல்லாத் தூங்கிக்கினு இருந்தாரு, பஸ்ஸோட போயிட்டாரு.

ரோட்டுல யாரும் இல்ல. மேகம் மட்டும் நடந்து போயிக்கினு இருந்துச்சு. அம்மா அப்பாவை ஒரு பாலத்துக் கட்டையில ஒக்கார வெச்சு, "கண்ணை மூடுங்க"ன்னுச்சு. அவரு மூடினாரு. அம்மா குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து அந்த மூணு விரல்ல வெச்சுச்சு.

"இது இன்னா?"

"கல்லு."

ஒரு எலையைக் கிள்ளி வெச்சுச்சு. அப்பா கொஞ்ச நேரம் எடுத்துக்கினாரு. "ஏதோ செடி"ன்னாரு. அப்புறம் என் பின்னலை இழுத்து அதோட நுனியை வெச்சுச்சு. "பாப்பா முடி"ன்னாரு, சிரிச்சுட்டாரு. எனக்கு அழுகை வந்துச்சு, எதுக்குன்னு தெரியல.

அப்புறம் அம்மா அவரு முன்னால மண்டி போட்டு ஒக்காந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்துல வெச்சுக்குச்சு.

"இது?"

அப்பா விரலு மூணும் கன்னத்து மேல மெதுவா, தேடற மாதிரி நகந்துச்சு. 

"ஈரமா இருக்குது"ன்னாரு.

கண்ணைத் தொறக்கச் சொல்லி அம்மா சொல்லவே இல்ல. அவரும் தொறக்கல.